வேர்ப்பக்கம்

“உங்க வீட்டுல சீப்பே இல்லையா?”

கேட்டது டீச்சர். வகுப்பு முழுவதும் சிரித்தது; டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. உண்மையாகவே பதில் வேண்டும் என்பது போல, சாக்பீஸை விரல்களுக்கிடையில் உருட்டியபடி காத்து நின்றார். அவள் எழுந்து நின்றாள். வீட்டில் சீப்பு இருந்தது. அன்று காலையும் அம்மா அதைக்கொண்டு, தன் கை ஓயும்வரை, அவள் தலையை வாரித்தான் அனுப்பியிருந்தாள். அதுதான் வினையே. சும்மா விட்டால் அலை அலையாகக் கிடக்கும் முடி, காய்ந்த பிறகு சீப்புப் பட்டால் புரி பிரிந்த கயிறு மாதிரி சிலிர்த்துக்கொண்டு எழும்பிவிடும். “இருக்கு டீச்சர்” என்று சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் பள்ளிக்கூடம் போனாள் என்பது வாஸ்தவம்தான். ஆனால் எப்போது படிப்பை நிறுத்தினாய் என்று யாராவது கேட்டால் அந்தக் காலைதான் அவள் மனதில் வரும். அதற்கப்புறம் போய்வந்ததெல்லாம் புத்தகப் பை மட்டும்தான்.

அம்மா அந்த வருடமே ஒரு ஸ்ட்ரெய்ட்னர் வாங்கிவந்தாள். காலையில் அடுப்படி வாசலில் முக்காலி போட்டு உட்கார வைத்து, சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போடுவது போல முடியைக் கற்றை கற்றையாக இழுத்துத் தேய்ப்பாள். பிறகு அவளே தேய்த்துக்கொள்ளப் பழகினாள். காதின் மேல்விளிம்பில் சூடு பட்டுப் பட்டுக் காய்ப்பே காய்த்துவிட்டது. அந்தக் கருகல் வாடை எங்கே வீசினாலும் அவள் மூக்கு கண்டுபிடித்துவிடும். இவ்வளவு பாடுபட்டும் அது அரை நாள் தாங்காது. மத்தியானம் வேர்த்துவிட்டால் போதும், காதோரத்தில், தலையோடு ஒட்டிய இடத்தில், முதலில் ஒரு இழை மெல்ல வளையும். கண்ணாடி பார்க்காமலே அது வளைவது அவளுக்குத் தெரியும். திருடன் வீட்டுக்குள் கால் வைப்பது தெரிகிற மாதிரி.

இப்போது அவளுக்கு டோப்பா செய்யும் இடத்தில் வேலை. டயர் கடைக்கு மேலே, குறுகலான படியில் ஏறிப்போனால் நீளமாக ஒரே கூடம். ஃபேன் உண்டு, போடக் கூடாது, முடி பறக்கும். ஒவ்வொரு பெண்ணின் முன்னாலும் மேஜையில் இறுக்கிய ஒரு மரத்தலை. அதன்மேல் வலை. கொக்கி ஊசியால் ஓர் இழையை எடுத்து வலைக்கண்ணில் நுழைத்து முடிச்சுப் போட வேண்டும், அடுத்த இழை, அடுத்த முடிச்சு. காலையில் வழுக்கையாக இருக்கும் மரத்தலைக்குச் சாயங்காலம் நெற்றியோரத்தில் கொஞ்சம் முடி முளைத்திருக்கும். முடிச்சு வெளியே தெரிந்தால் வேலை கெட்டது. அவள் போடும் முடிச்சு போட்டவளுக்கே தெரியாது. சத்தம் போடாமல் வந்து சத்தம் போடாமல் போவதால் அவளுக்கு அங்கே பூனை என்று பேர். பக்கத்து மேஜைக்காரிக்கு ரேடியோ என்று பேர். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கூடத்துக்கு மேற்பார்வை சீப்பக்கா. பின்னந்தலையில், தலைத்துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு அகலப்பல் மரச்சீப்பு. அதனால் அந்தப் பேர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள், அக்கா என்பதோடு சரி. எல்லோருக்கும் ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். வேலை செய்கிறவர்களின் முடி சரக்கோடு கலந்துவிடாமல் இருக்க எல்லோரும் தலையில் துணி கட்ட வேண்டும். சாயங்காலம் படியிறங்குமுன் துணியை அவிழ்த்து, முடியைப் பிரித்துவிட்டு, வரிசையில் நிற்க வேண்டும். சீப்பக்கா தன் சீப்பை உருவி ஒவ்வொரு தலையையும் வாரிப் பார்த்துத்தான் அனுப்புவாள். வாசல் வாரல் என்று அதற்குப் பெயர். முடியை ஒளித்துவைக்க முடியைவிட நல்ல இடம் எது? ஆகவே அங்கே எல்லாத் தலையும் சந்தேகத்துக்குரிய தலைதான். சீப்பக்கா தலை தவிர. வாருகிறவளை யார் வாருவது?

மழைக்காலம் தொடங்கியபோது ஒரு நெளிக்கட்டு வந்தது. முழங்கை நீளத்துக்கு மேல், எந்த மருந்தும் மெஷினும் படாத, பிறவியிலேயே அலையடிக்கும் முடி. அபூர்வமான சரக்கு. சீப்பக்கா அதைக் கைக்குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கி, பூனையைக் கழுவுமிடத்துக்குக் கூப்பிட்டாள்.

“இதக் கழுவுறதுக்குன்னு ஒரு மொற இருக்கு. பாத்துக்க. வேர்ப்பக்கம் மேல, நுனிப்பக்கம் கீழ. மாத்திட்டா ஒண்ணோட ஒண்ணு சண்ட போட்டுச் சிக்காயிரும். ஈரத்துல இருக்கும்போதே சீப்பு போட்டுரணும், நுனியிலருந்து மேல. கசக்காத. முறுக்காத. துண்டு வேணாம், பழைய காட்டன் துணில ஏந்தி அமுக்கு, அவ்வளவுதான். அப்புறம் தொங்க விட்டுட்டுப் போயிரு. காயும்போது கை வெக்கக் கூடாது.”

“கை வெச்சா?”

அவள் கேட்டதில் சீப்பக்காவுக்கே ஆச்சரியம். பூனை கேள்வி கேட்பதாவது.

“வெச்சா பொசுபொசுன்னு ஆயிரும். அதுக்குத் தெரியும் எப்படி வளையணும்னு. நாம தள்ளி நின்னாப் போதும்.”

கொடியில் தொங்கவிட்ட கட்டு, அவள் கண்ணெதிரே, ஒவ்வொரு கற்றையாகத் தன்னை வளைத்துக்கொண்டு காய்ந்தது. அவள் அதைப் பார்த்தபடி நின்றாள். யாரோ முகம் தெரியாதவளின் முடி. அதற்கு வெதுவெதுப்பான தண்ணீர், அகலப்பல் சீப்பு, பழைய காட்டன் துணி, ஏகப்பட்ட மரியாதை. துணிக்கு அடியில் தன் தலையில் இருப்பதும் இதே சரக்குதான் என்று தோன்றியபோது, கழுவுமிடத்தில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

வார விடுமுறையன்று அப்பாவின் கிழிந்த காட்டன் சட்டையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள். சரக்கைக் கழுவுகிற மாதிரியே கழுவினாள். வேர்ப்பக்கம் மேல், நுனிப்பக்கம் கீழ். வெளியே வந்து முக்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கை தன்பாட்டுக்குத் தலைக்குப் போய்விடும் என்று பயம். முதல் தடவை பார்க்கச் சகிக்கவில்லை. தலையை ஒட்டிய பகுதி நெளிந்தது. வருஷக்கணக்காகச் சூடு வாங்கிய நுனிகள் செத்த வைக்கோலாய்த் தொங்கின. ஒரே தலையில் இரண்டு பேர் முடி. நுனிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினாள். மறுபடி கழுவினாள், மறுபடி உட்கார்ந்தாள்.

ஸ்ட்ரெய்ட்னர் அலமாரியை விட்டு இறங்காததைக் அம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்திருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

“யாரு அவன்?”

“யாரும்மா?”

“இப்படி விட்டா அழகா இருக்குன்னு சொன்னவன்.”

“யாரும் சொல்லல.”

“யாரும் சொல்லாம எவளாவது தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டுத் திரிவாளா?” அம்மா காய் நறுக்கும் கத்தியை வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள். “பொய் சொன்னாலும் நம்புற மாதிரி சொல்லு.”

முடியை ஏந்தித் துடைத்த சட்டையை முகர்ந்துகூடப் பார்த்தாள் அம்மா. அப்பா சட்டைதான் என்று நிச்சயமான பிறகும் சமாதானமாகவில்லை. உண்மையைச் சொன்னால், சமாதானமாகாதது அவளுக்கும்தான். ஒரு நாள் கழுத்தைத் தொட்டு வழியும் அலைகளோடு முடி காய்ந்து நின்றபோது, அவள் கண்ணாடியைச் சந்தேகமாகப் பார்த்தாள். நல்லதாக எதுவும் தன்னிடம் சொல்லாமல் கொள்ளாமல் வந்ததில்லை. முன்பக்கம் பார்த்தாள், பக்கவாட்டில் பார்த்தாள். வேர்த்துக்கூடப் பார்த்தாள், வெயிலில் நடந்துவிட்டு வந்து மறுபடி கண்ணாடி. நெளி போகவில்லை. வேர்வைக்குப் பயப்படாத முடியோடு அவள் வாழ்ந்ததே இல்லை.

துணிக்கடியில் இத்தனை நாள் நெளி அமுங்கும்படி முடியை இழுத்து இறுக்கிக் கட்டியே வாசல் வாரலை ஓட்டிவந்தவள், அன்று இறுக்காமல் விட்டு, சாயங்காலம் வரிசையில் நெளியோடு முழுவதும் பிரித்துவிட்டாள்.

“அடியாத்தி!” என்றாள் ரேடியோ. கூடம் முழுவதும் திரும்பியது. “பூனைக்குப் பிடரி மொளச்சிருச்சு! குச்சி குச்சியா இருந்த முடிடீ இது!”

“இதான் என் முடி” என்றாள் அவள், கேட்கிற அளவுக்கு.

சீப்பக்கா வாரினாள். வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டாள். “எப்பலருந்து?” என்று மட்டும் கேட்டாள். பதிலுக்கு நிற்கவில்லை.

அந்த வாரமே நெளிக்கட்டு காணாமல் போனது.

அலமாரி, சாக்கு, கழுவுமிடம், கொடி, மரத்தலைகளுக்குப் பின்னால் என்று எல்லா இடமும் தேடினார்கள். ரேடியோ மேஜைக்கடியில் தவழ்ந்து ஒரு பழைய ஊசியையும் கரப்பான் பூச்சியையும் கண்டுபிடித்தாள். கட்டு இல்லை. யாரும் யாரையும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவள் ஊசியை எடுக்கக் குனிந்தால் பேச்சு நின்றது; நிமிர்ந்தால் மறுபடி தொடங்கியது. தண்ணீர் குடிக்க எழுந்தால் எல்லாக் கண்ணும் முகத்தைப் பார்க்காமல் கொஞ்சம் மேலே பார்த்தன. வேறு எந்த இடத்திலாவது இருந்தால் முடி நெளிந்தால் நெளிந்தது என்று விட்டிருப்பார்கள். இவர்கள் நாள் முழுவதும் இல்லாத தலைக்கு முடி வைக்கிறவர்கள். இருக்கிற முடியை நம்பும் பழக்கம் எப்போதோ போய்விட்டது.

“தலையில வெச்சுத் தெச்சிருந்தா தையல் தெரியுமே” என்று யாரோ சொல்வது கேட்டது.

“யாரு கைவேலன்னு நெனச்ச? அவ முடிச்சு எனக்கே தெரியாது” என்றது சீப்பக்காவின் குரல்.

பாராட்டாகவே எப்போதும் சொல்லும் வாக்கியம். இப்போது அதுவே அவளுக்கு எதிராகத் திரும்பியது. எவ்வளவு நன்றாக வேலை செய்தாளோ அவ்வளவுக்குத் தப்பிக்க வழியில்லை. தலையைக் காட்டினால் முடிச்சு தெரியாது. முடிச்சு தெரியாததே சாட்சி.

அவளும் சந்தேகப்படத் தொடங்கினாள். ரேடியோவை. நெளிக்கட்டு வந்த அன்று அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தவள் ரேடியோதான். போதாக்குறைக்கு, ஒருநாள் காலையில் கூடத்துக்குள் நுழைந்தபோதே அவள் மூக்கில் அந்த வாடை அடித்தது. முடி கருகும் வாடை. தான் தேய்த்து எத்தனையோ நாளாகிறது. பிறகு யார் தலையிலிருந்து?

கழுவுமிடத்தில் ரேடியோவிடம் மெல்லக் கேட்டாள். “நீ முடிக்கு சூடு வெச்சியா?”

“எனக்கா? எனக்கு இருக்குறதே எலி வாலு. அதுக்கு சூடு வெச்சா மிஞ்சுறது என்ன?” ரேடியோ கையைத் துடைத்தாள். பிறகு குரலைத் தணித்தாள். அவள் குரலைத் தணித்து அன்றுதான் கேட்டது. “ஏய், என்கிட்டயாவது சொல்லுடி. வெச்சிருந்தா ராத்திரியோட ராத்திரியா பிரிச்சுக் கொண்டாந்து போட்டுரு. அலமாரிக்குப் பின்னால கெடந்துச்சுன்னு நானே எடுத்துக் குடுக்குறேன். நாளைக்கு மொதலாளி வராரு. சாயங்காலம் உன் தலைய நல்லாப் பாத்துட்டு அவர்கிட்ட சொல்லணும்னு அக்கா சொல்லிட்டு இருந்துச்சு.”

“நான் எடுக்கல.”

“சரி” என்றாள் ரேடியோ. நம்பாதவர்கள் சொல்கிற சரி.

மறுநாள் காலை ஸ்ட்ரெய்ட்னரை எடுத்து மேஜையில் வைத்தாள். செருகினால் சிவப்பு விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் தலை பழையபடி ஆகிவிடும், குச்சி குச்சியாக, யார் கண்ணையும் உறுத்தாமல். அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் நிம்மதி வரத் தொடங்கியது.

நேராக்கினால் ஒளித்துவிட்டாள் என்பார்கள். நேராக்காவிட்டால் எடுத்துத் தைத்துக்கொண்டாள் என்பார்கள். இரண்டு பக்கமும் திருடிதான். அப்படியென்றால் எந்தத் திருடி நன்றாக இருப்பாள் என்று யோசித்தாள். இப்படி ஒரு யோசனை தனக்கு வந்ததில் சிரிப்பு வந்துவிட்டது. வயரைச் சுற்றி ஸ்ட்ரெய்ட்னரை மறுபடி அலமாரியில் வைத்தாள்.

“அவன் யாருன்னு சொல்லப் போறியா இல்லையா?” என்றாள் அம்மா.

அன்று முழுவதும் மேகம் கவிந்து கூடம் வேகவைத்த மாதிரி இருந்தது. மரத்தலைகள்கூட வேர்த்தது போல இருந்தன. வரவேண்டிய முதலாளி மழைக்கு முன்னால் வந்துவிடுவார் என்றார்கள். கீழே வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எல்லோரும் படியைப் பார்த்தார்கள். சாயங்காலம் வரிசை நின்றபோது சீப்பக்கா மற்ற தலைகளைப் பேருக்குத் தொட்டு ஓரமாக ஒதுக்கினாள். யாரும் இறங்கிப் போகவில்லை. சுவரில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“வா. வெளிச்சத்துக்கு வா.”

ஜன்னலோரம் நின்றாள். சீப்பக்கா தன் பின்தலையிலிருந்து சீப்பை உருவி, அவள் உச்சியில் வைத்து, மெல்ல இழுத்தாள். சீப்பு தடையில்லாமல் இறங்கியது. மறுபடி. மறுபடி. பிறகு சீப்பை அவள் முடியிலேயே செருகிவிட்டு, இரண்டு கை விரல்களையும் உள்ளே விட்டாள். நெற்றியோரம், வகிடு, உச்சி. இடது காதுக்குப் பின்னால் விரல் நின்றது.

“இங்க ஏதோ தட்டுது” என்றாள் சீப்பக்கா.

சுவரோரத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது.

ஒரு கணம் பூனைக்கே சந்தேகம் வந்துவிட்டது. தூக்கத்தில் தானே எழுந்து தைத்துக்கொண்டோமா என்றுகூட. பிறகு அந்த இடம் ஞாபகத்துக்கு வந்தது. இத்தனை வாரங்களாக விரல்விரலாய்க் கழுவிய தலை. ஒவ்வோர் அங்குலமும் தெரிந்த தலை. காதுக்குப் பின்னால் அங்கே எதுவும் இல்லை. ஒரு மரு கூட இல்லை. இல்லாத ஒன்று இந்த விரலில் எப்படித் தட்டும்? கூடத்தில் இருக்கும் விரல்களிலேயே பழைய விரல் இது. தவறாகச் சொல்லாது. சொல்கிறது என்றால், தெரிந்தே சொல்கிறது.

அவள் கண்ணை உயர்த்தினாள்.

சீப்பக்காவின் முகம் இவ்வளவு பக்கத்தில் இதுவரை வந்ததில்லை. வேர்வை கோடாக வழிந்து தாடையில் சொட்டியது. தலைத்துணி வழக்கத்தைவிடத் தாழ்வாக, புருவத்தை இடிக்கும்படி கட்டியிருந்தது. அந்தத் துணிக்கடியில், காதோரத்தில், நேராக இறங்கிவந்த முடியில் ஓர் இழை மட்டும் வளைந்துகொண்டிருந்தது. தலையோடு ஒட்டிய இடத்தில்தான் முதல் வளைவு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. சீப்பக்காவின் முடி எத்தனையோ வருஷமாக எல்லோரும் பார்த்த முடி; நேரான, நரைத்த, வர வர எலுமிச்சை அளவுக்குச் சுருங்கிப்போன கொண்டை. அதில் நிற்காமல் அந்தச் சீப்பு அடிக்கடி நழுவி விழும். கொஞ்ச நாளாக விழவில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வளைந்த இழைகள் கிளம்பும் இடத்தில் கடுகைத் தூவியது போல முடிச்சுகள். பெரிய முடிச்சுகள். வயதாகி விரல் மடங்காமல் போன கை அவசர அவசரமாகப் போட்டவை. வேர்வையோடு சேர்ந்து வந்தது அந்தக் கருகல் வாடை.

வாருகிறவளை யாரும் வாருவதில்லை.

“என்னக்கா, தையலா?” என்று கேட்டாள் ரேடியோ சுவரோரத்திலிருந்து. “இருக்கா இல்லையா, சொல்லிருங்களேன்.”

சீப்பக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அந்த வாயிலிருந்து வரப்போவது ஒரே ஒரு சொல். அது வந்துவிட்டால் நாளைக்கு இந்தப் படியில் பூனை ஏற முடியாது. வேறெந்தப் படியிலும் அந்தச் சொல்தான் அவளுக்கு முன்னால் ஏறும். பள்ளிக்கூடத்தில் நின்ற மாதிரியே நின்றுகொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு வாக்கியம் சொன்னால் போதும், எல்லாக் கண்ணும் இவள் தலையை விட்டு அந்தத் தலைக்குத் தாவும். துணியை உருவுவார்கள். சொல்ல வேண்டிய வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அது அவளுக்கே கொஞ்சம் ருசித்தது.

சத்தம் வந்தது. ஆனால் தாழ்ந்து, காதுக்கு மட்டும் எட்டுகிற அளவில்.

“அக்கா, காதுகிட்ட துணிய இழுத்து விட்டுக்கோங்க. வேர்வ பட்டா நெளி திரும்பிரும்.”

அவள் முடிக்குள் இருந்த விரல்கள் அசையவில்லை. பிறகு ஒவ்வொன்றாக, சிக்கிலிருந்து எடுப்பது போல, வெளியே வந்தன. சீப்பக்காவின் வலது கை தன் காதுக்குப் போய், துணியின் ஓரத்தைப் பிடித்து, அப்படியே நின்றது. அவள் கண் பூனையின் கண்ணைப் பார்த்தது. அதில் கோபமா, கெஞ்சலா, இன்னும் ஏதாவது கணக்கா, எதுவென்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நெளிமுடியைக் கழுவச் சொல்லிக்கொடுத்தவள் சீப்பக்கா. அதைச் சூடு வைத்து நேராக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு சங்கதியைச் சீப்பக்காவுக்குச் சொன்னவள் பூனை.

“என்னடி சொன்ன அக்காகிட்ட?” என்றாள் ரேடியோ. “யாராவது வாயத் தெறந்து சொல்லுங்க. வீட்டுக்குப் போறதா வேணாமா?”

கீழே வண்டிச் சத்தம் கேட்டு நின்றது. டயர் கடைக்கு வந்ததா, முதலாளியா, தெரியவில்லை. சீப்பக்கா ஜன்னல் வழியாக ஒரு முறை கீழே பார்த்தாள். ஆணியில் தொங்கிய தன் பையை எடுத்தாள். வரிசையாக நின்ற பெண்கள் வழிவிட்டார்கள்; தங்களை வாரி அனுப்ப வேண்டியவளே முதலில் போவது அவர்களுக்குப் புரியாமல், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பூனை தன் முடியிலேயே நின்றுவிட்ட சீப்பைத் தொட்டுப் பார்த்தாள். நழுவாமல் நின்றது. “அக்கா, சீப்பு” என்று கூப்பிட்டாள், இந்தத் தடவை கூடம் முழுவதும் கேட்கும்படி.

சீப்பக்கா திரும்பவில்லை. காதோடு சேர்த்துத் துணியை அழுத்திப் பிடித்தபடி படியிறங்கிப் போனாள்.